தூண்டிலில் அகப்பட்ட விலாங்கு: மலையக நீரோடைகளும் உடைமையுறவுகளும்

1

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் நிலத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காடுகள் அழிக்கப்பட்டமை, கோப்பி பயிரிடப்பட்டமை, 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிச் செய்கை வீழ்ச்சியுற்றமை, 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டமை ஆகிய யாவும் நிலத்தோடு பிணைந்த செய்திகளே. நிலத்தை ஆராய்ந்தோர் அதில் உழைத்த மக்களையும் ஆராய்ந்தனர். ஆயின் அந்நிலத்தினூடே ஓடிய நீரும், அந்நீரில் வாழ்ந்த உயிரினங்களும், அவற்றோடு தொழிலாள மக்கள் கொண்டிருந்த உறவும் ஆய்வாளரின் கவனத்தைப் போதியளவு ஈர்த்தில.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. மீன் பிடிக்கச் சென்றவனின் தூண்டிலிலோ வலையிலோ, அவன் எதிர்பாராத வகையில் விலாங்கு அகப்படுதலே அது. கடலோரத்திலும் ஆற்றுமுகத்திலும் அன்றாடம் நிகழும் இந்நிகழ்ச்சியைக் கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள நுவரெலியா, ஹற்றன் மலைப்பகுதிகளோடு இணைத்து நோக்குதல் முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கடலையும் மலையையும் இணைக்கும் உயிரினம் விலாங்கு என்பதனாலேயே அதனை நாம் தேர்ந்துகொண்டோம். "தற்செயலாக அகப்பட்டது" என்னும் தொடர் ஓர் இயற்கை நிகழ்ச்சியைக் குறிப்பதன்று, ஒரு சமூக உறவைக் குறிப்பது என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

2

முதலில் விலாங்கின் வாழ்க்கையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். இலங்கையின் ஆறுகளில் இரு வகை விலாங்குகள் வாழ்கின்றன. ஒன்று குறுகிய முதுகுத் துடுப்பினையுடையது. பெரும்பாலும் தாழ்நிலங்களிலும் களப்புகளை அண்டிய நன்னீரிலும் காணப்படுவது. மற்றையது உடலிற் புள்ளிகளும் நீண்ட முதுகுத் துடுப்பும் உடையது. ஆற்றின் மேற்பகுதிகளை நோக்கி நெடுந்தூரம் ஏறிச் செல்வது. இரண்டும் நன்னீரில் வளர்பவை, எனினும் நன்னீரிற் பிறப்பவை அல்ல. ஆழ்கடலிலே முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சு, முதலில் இலை போன்ற தட்டையான உருவத்துடன் நீரோட்டத்தில் மிதந்து வரும். கரையை அணுகுகையில் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் சிறு விலாங்காக உருமாறும். பின்னர் ஆற்றுமுகத்தினூடே நன்னீருக்குட் புகுந்து, ஈரப் பாறைகளையும் பற்றி ஏறி, மலையோடைகளை நாடும். அங்குப் பல ஆண்டுகள் வாழ்ந்தபின் மீண்டும் ஆற்றோடு இறங்கிக் கடலை அடைந்து, ஒரே முறை இனம்பெருக்கி மடியும்.

இவ்வுண்மை நீண்டகாலம் மனிதருக்குப் புலப்படவில்லை. விலாங்கு சேற்றிலிருந்து தோன்றுவதென்று அரிஸ்டோட்டில் கருதினார். 1876 இல் இளம் மாணவராயிருந்த சிக்மண்ட் பிராய்ட் திரியெஸ்தே நகரில் நூற்றுக்கணக்கான விலாங்குகளை அறுத்து அவற்றின் ஆணுறுப்பைத் தேடினார். ஐரோப்பிய விலாங்கு அத்திலாந்திக் கடலின் சர்காசோப் பகுதியிற் பிறக்கிறது என்பதை டென்மார்க் நாட்டு அறிஞர் யொகானஸ் ஷ்மிட் 1922 இலேதான் வெளியிட்டார். உணவுத் தட்டில் நாடோறும் காணப்பட்ட ஓர் உயிரினத்தின் பிறப்பு, இருபதாம் நூற்றாண்டுவரை அறிவுக்கு எட்டாதிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையைப் பொறுத்தவரை, களனி கங்கை கொழும்புக்கு வடக்கேயும், மகாவலி கங்கை கிழக்கே கொட்டியாரக் குடாவிலும் கடலோடு கலக்கின்றன. இவ்விரு ஆற்றுமுகங்களும் விலாங்கு ஏறிவரும் வாயில்கள். அங்கு வலை விரிக்கும் மீனவன் நாடுவது இறாலையும் மடவையையும் போன்ற விலைபோகும் மீன்களையே. விலாங்கு இடையே வந்து சிக்குவது, வழவழத்து நழுவுவது, வலையைச் சிக்கலாக்குவது. எனினும் எமது கரையோர மீனவர் 'மீனைப் பிடித்தோம்' என்பதோடு 'மீன் பட்டது' என்றும் கூறுவர். கிடைத்த அளவினை 'மீன்பாடு' என்பர். இம்மொழிவழக்கில் நாடியது, நாடாதது என்ற வேறுபாடு இல்லை. கடல் தருவது எதுவாயினும் அது 'பாடு'. நாடிய மீன் என்றும் தவறி வந்த மீன் என்றும் பாகுபாடு செய்யும் மனப்பாங்கு, ஒரே இன மீனுக்கு விலை நிர்ணயிக்கும் சந்தையோடும், நீரைத் தன் உடைமையாகக் கருதுவோனின் பார்வையோடும் வலுப்பெறுவது. பின்னையதன் தெளிவான எடுத்துக்காட்டினை மலையகத்திலே காண்கிறோம்.

3

பிரித்தானியத் தோட்டத்துரைமார் மலைநாட்டிலே தமது தாயகத்தின் பிரதியொன்றை உருவாக்க முயன்றனர். நுவரெலியாவின் கட்டடங்களும் பூந்தோட்டங்களும் குதிரைப் பந்தயமும் இதற்குச் சான்று. அம்முயற்சியின் ஒரு பகுதியாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ட்ரவுட் மீனின் முட்டைகள் பிரித்தானியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஆகிய இடங்களின் குளிர்ந்த ஓடைகளில் விடப்பட்டன. பழுப்பு ட்ரவுட் இங்கு எதிர்பார்த்தவாறு பெருகவில்லை. பின்னர் அறிமுகஞ் செய்யப்பட்ட வானவில் ட்ரவுட்டே நிலைபெற்றது. குஞ்சு பொரிக்கும் நிலையமும் மீன்பிடிச் சங்கமும் தோன்றின. அச்சங்கத்தின் அனுமதி பெற்றவரே குறிப்பிட்ட ஓடைகளில் தூண்டில் இடலாயினர்.

இதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஓடையில் இயல்பாக வாழ்ந்தவை உள்ளூர் மீன்கள். கடல்கடந்து வந்தது ட்ரவுட். ஆயினும் ட்ரவுட்டே ஓடையின் உரிமைக் குடிமகனாகவும், ஏனையவை அதற்கு இடையூறாகவும் கருதப்பட்டன. பிரித்தானிய ட்ரவுட் மீன்பிடி மரபில் விலாங்குக்கு இருந்த இடம் அறியப்பட்டதே. ட்ரவுட்டின் முட்டையையும் குஞ்சையும் உண்ணும் தீய உயிராக அது எண்ணப்பட்டது; தூண்டிலில் அகப்பட்டாற் கொன்று கரையில் வீசப்படுவதே வழக்கம். துரையின் தூண்டிலுக்கு விலாங்கு 'தவறு'. அத்தவறினைத் தவறாக்கியது அதன் இயல்பன்று. ஓடை எதற்காக உள்ளது என்று தீர்மானிக்கும் அதிகாரமே.

அவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது? 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம், தனியுரிமையைச் சான்றுகொண்டு நிறுவ இயலாத காட்டையும் பயிரிடப்படாத நிலத்தையும் அரசின் உடைமையாகக் கருத வழிசெய்தது. கண்டிச் சிங்கள விவசாயிகள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சேனைப் பயிருக்கும் வழிவழியாகப் பயன்படுத்தி வந்த நிலங்கள் இவ்வாறு தோட்டக்காரரின் கைக்குச் சென்றன. நிலத்தோடு நீரும் சென்றது. பொதுவாக இருந்தது தனியுடைமையாயிற்று. வழக்கமாக இருந்தது குற்றமாயிற்று.

இந்நிகழ்வு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1723 இல் நிறைவேற்றப்பட்ட 'கறுப்புச் சட்டம்' மானை வேட்டையாடியோரோடு மீன் களவாடியோரையும் மரணதண்டனைக்கு உட்படுத்தியது. அச்சட்டத்தின் வர்க்க அடிப்படையை ஈ. பி. தொம்சன் 1975 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஜேர்மனியில் ரைன் மாகாணச் சபை காட்டில் உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்குதலையும் களவென்று வரையறுக்க முற்பட்டபோது, இளம் மார்க்ஸ் 1842 இல் அதனைக் கண்டித்து எழுதினார். ஏழைகளின் வழக்குரிமை எவ்வாறு களவாக மாற்றப்படுகிறது என்ற வினாவே பொருளாதார ஆராய்ச்சியை நோக்கி அவரை இட்டுச்சென்றவற்றுள் ஒன்று. சுள்ளிக்குக் கூறியது ஓடைமீனுக்கும் பொருந்தும்.

4

இனித் தொழிலாளியின் தூண்டிலுக்கு வருவோம். தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த இம்மக்களுள் பலர் ஏரியிலும் கண்மாயிலும் மீன்பிடித்துப் பழகியவர். கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கி நடந்து, மலையேறியவர். தோட்டத்தில் அவர்களது உணவு அரிசியும் கருவாடும். அரிசி தோட்ட நிர்வாகத்தினால் வழங்கப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கருவாடு கடைக்குரியது, கடை கடனுக்குரியது. கடலை மறுமுறை காண வாய்ப்பற்ற மக்களுக்குக் கடலோடிருந்த நாளாந்தத் தொடர்பு இக்கருவாடு ஒன்றே எனலாம்.

இந்நிலையில், லயத்துக்குக் கீழே ஓடும் நீரில் பணமின்றிக் கிடைக்கும் மீன் ஒரு சிறு விடுதலையாகும். ஞாயிற்றுக்கிழமையிலோ, அரைப் பேரோடு வேலை முடிந்த நாளிலோ, இரவிலோ மண்புழுவைக் கோத்துத் தூண்டில் இடுதற்குப் பெரும் முதல் தேவையில்லை. விலாங்கு பகலிற் கல்லிடுக்கில் ஒளிந்து இரவில் இரைதேடுவது; மண்புழுவை விரும்பி உண்பது. ஆகவே பகல் முழுவதும் உழைப்பைத் தோட்டத்துக்குக் கொடுத்தவனின் இரவுத் தூண்டிலில் விலாங்கு சிக்குதல் இயல்பே. அவன் நாடிச் சென்றது சிறு கெண்டை வகையாயிருக்கலாம். எனினும் அவனுக்கு விலாங்கு 'தவறு' அன்று. பாம்பையொத்த உருவத்தினால் அதனை உண்ணத் தயங்குவோரும் இருந்தனர் எனினும், கொழுப்பு மிகுந்த அதன் தசை வறிய உணவுக்கு வலுச்சேர்ப்பது. துரை கரையில் வீசியதைத் தொழிலாளி சட்டியில் இட்டான்.

ஈண்டு ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். கூலியுழைப்பினை மட்டுமே நம்பி வாழும் நிலைக்குத் தொழிலாளியைத் தள்ளுவது முதலாளித்துவத்தின் பொதுவிதி. ஆனால் பெருந்தோட்டம் சிறு காய்கறித் தோட்டத்தையும் மாடு வளர்ப்பையும் ஓரளவு அனுமதித்து வந்தது. தொழிலாளி தன் ஓய்வுநேர உழைப்பால் தன் உணவின் ஒரு பகுதியைத் தானே ஈட்டிக்கொள்வானாயின், கூலியை உயர்த்தவேண்டிய நெருக்குதல் அவ்வளவிற்குக் குறையும். ஆகவே ஓடைமீனும் முற்றாகத் தடுக்கப்படாத, ஆயின் உரிமையாக ஏற்கவும் படாத ஒன்றாயிற்று. அது சலுகை, துரையின் மனப்போக்கிற்கேற்ப எவ்வேளையிலும் மீளப்பெறத்தக்கது. உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள இவ்வேறுபாடே தோட்டத்து வாழ்வின் எல்லாத் துறைகளிலும், குடியிருக்கும் லயத்தின் தரைவரைக்கும், ஊடுருவி நிற்பது.

இச்சிறு விடுதலையும் எல்லோருக்கும் சமமாகக் கிட்டவில்லை. கொழுந்து பறித்து முடித்துத் திரும்பும் பெண்ணுக்குத் தூண்டிலோடு ஆற்றங்கரையில் அமரும் ஓய்வு இருந்ததில்லை. அகப்பட்ட மீனை உரித்துச் சமைப்பதே அவளது பங்கு. உழைப்புக்கு மேல் உழைப்பு என்னும் அவளது நிலையை மறந்து ஓடைக்கரையைப் போற்றுவது பாதி உண்மையையே கூறுவதாகும்.

இவை குறித்த எழுத்துச் சான்றுகள் ஏன் அரியவாயின? குறுந்தொகையின் 25 ஆம் பாடலைக் கபிலர் குறிஞ்சித்திணையிலேயே பாடியுள்ளார். தலைவன் தன்னை மணந்தபோது வேறெவரும் அங்கில்லை. ஓடும் நீரில் ஆரலை நோக்கி நின்ற குருகு மட்டுமே இருந்தது என்கிறாள் தலைவி. ஆரல் விலாங்கன்று, ஆயின் அதனைப் போன்றே நீண்ட உடலுடைய நன்னீர் மீன். குருகு அங்கே நின்றது. எனினும் சாட்சியாகப் பயன்படாது, ஏனெனில் அதன் கண் இரைமேல் இருந்தது. மலையக ஓடைகளின் கரையில் நின்று குறிப்பெழுதியோரின் நிலையும் அத்தகையதே. அவர்களது கண் ட்ரவுட்மேல் இருந்தது. பிடிபட்ட ட்ரவுட்டின் நிறையும் நீளமும் ஏட்டில் ஏறின. அதே நீரில் இரவில் தூண்டிலிட்டவனின் பசி எவ்வேட்டிலும் ஏறவில்லை. ஆகவேதான் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிய பணி வெறும் இலக்கியப் பணியன்று, வரலாற்றுப் பணியுமாகும்.

5

விலாங்கின் வரலாற்றில் இரண்டாவது திருப்பம் மின்சாரத்தோடு வருகிறது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே எடுத்துரைத்தார். அவரது திட்டம் நீண்ட தாமதத்தின் பின்னர் 1950 இல் லக்ஷபான மின்னிலையமாக உருப்பெற்றது. கெசல்கமுவ ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965 இலும், மஸ்கெலிய ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969 இலும் அமைந்தன. இவ்விரு ஓயாக்களும் இணைந்தே களனி கங்கையாகின்றன. மவுஸ்ஸாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது. வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய வழிபாட்டிடங்கள் வெளித்தோன்றுவதைக் காணலாம். மகாவலியில் பொல்கொல்லை அணை 1976 இலும், கொத்மலை, விக்டோரியா அணைகள் 1985 இலும் நிறைவுற்றன. இவற்றுள் விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியது.

ஈரப்பாறையில் ஏறவல்ல விலாங்குக் குஞ்சுக்கு இத்தகைய சுவர்கள் பெருந்தடை. மேலே எஞ்சியுள்ள முதிர்ந்த விலாங்கு கடலுக்கு இறங்க முயன்றால் சுழலியின் அலகுகளை எதிர்கொள்ள வேண்டும். ஏறுவழியும் இறங்குவழியும் அடைபட்டால், அணைக்கு மேலுள்ள ஓடையில் விலாங்கு எவருடைய தூண்டிலிலும் தற்செயலாகக்கூட அகப்படுவதற்கில்லை.

இதனைக் கூறுவதால் நாம் மின்னுற்பத்தியை எதிர்ப்பதாகக் கொள்ளலாகாது. இயற்கையின் ஆற்றலைச் சமூகத்தின் பயனுக்கு உட்படுத்துதல் முற்போக்கானதே. வினா வேறு: எவருடைய பயனுக்கு? தம் வாயிலில் ஓடிய நீர் மின்சாரமாகிக் கொழும்பின் வீதிகளையும் ஆலைகளையும் ஒளிரச்செய்த பல தசாப்தங்களின் பின்னரும், லயங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. மீனின் சாரம் நீரென்றால், அந்நீர் ஆலைக்கழிவால் மாசுற்றும் கால்வாயில் திருப்பப்பட்டும் போனபின் அது மீனின் சாரமாக இருத்தல் ஒழிகிறது என 'ஜேர்மானியக் கருத்தியல்' நூலில் மார்க்சும் எங்கெல்சும் 1845–46 இல் சுட்டிக்காட்டினர். மனிதர் தம் வாழ்நிலையோடு பொருந்தியே உள்ளனர் என்ற சமாதானத்தை மறுக்கவே அவர்கள் மீனை எடுத்துக்காட்டினர். அவ்வுவமையின் சொல்லுக்குச் சொல்லான பொருளை எமது மலையக ஆறுகள் காட்டுகின்றன.

நீர்த்தேக்கங்கள் புதிய மீன்களையும் கொணர்ந்தன. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்கு அறிமுகமான திலாப்பியா உள்நாட்டு மீன்பிடியின் முதன்மை மீனாயிற்று. எளியோரின் புரத உணவாகிய இம்மீன்பிடிக்கான அரச ஆதரவு 1990 இல், மதவுணர்வை முன்னிறுத்தி நிறுத்தப்பட்டு, 1994 இலேயே மீண்டது. எந்த நீரில் எவர் எதனைப் பிடிக்கலாம் என்பது துரைமாரின் காலத்தோடு முடிந்துவிடாத வினா என்பதற்கு இது சான்று.

6

'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு' என்பது எமது பழமொழி. இருபக்கமும் நடிப்போரைப் பழிக்க இது வழங்குகிறது. மலையக மக்கள் மீதும் இதே பழி சுமத்தப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கைக்கு அவர்கள் இந்தியராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழித் தமிழகம் சென்றபின் அங்கு அவர்கள் 'சிலோன்காரர்' ஆயினர். அவ்வொப்பந்தம் 9,75,000 மக்களை 5,25,000 என்றும், 3,00,000 என்றும், பின்னர் தீர்மானிக்க 1,50,000 என்றும் பிரித்தது. அம்மக்கள் இருமுகம் காட்டவில்லை. இரு அரசுகளே அவர்களுக்கு முகம் மறுத்தன. பழமொழியின் குற்றவாளி விலாங்கல்ல. அதனைப் பாம்பாகவோ மீனாகவோ மட்டுமே காணத் தெரிந்த கண்.

ஆயினும் கடலிலிருந்து மலைக்கு ஏறிய மக்களையும் விலாங்கையும் முற்றாக ஒப்புமைப்படுத்துதல் பிழையாகும். விலாங்கின் பயணம் இயற்கையின் நியதி. தொழிலாளரின் பயணத்தை நியதியாக்கியது தென்னிந்தியக் கிராமத்தின் நிலமின்மையும் சாதியொடுக்குமுறையும் கடனும், அவற்றைப் பயன்படுத்திக்கொண்ட பிரித்தானிய மூலதனமும் ஆகும். விலாங்கு பிறந்த கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மலையிலே பிறந்த மூன்றாம், நான்காம் தலைமுறையினரைத் 'திரும்பிச் செல்க' எனப் பணித்தது இயற்கையன்று, அரசியல். வரலாற்றை இயற்கையாகக் காட்டுவதே ஆளும் வர்க்கக் கருத்தியலின் பழைய உத்தி. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்க வழிசெய்தது. 2023 இல், மலையக மக்கள் வந்து இரு நூற்றாண்டு நிறைவுற்றதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணம், அப்பாதையைத் திரும்பிச் செல்லும் பாதையாகவன்றி உரிமை கோரும் பாதையாக மாற்றியது.

7

விலாங்கின் கதை தேங்கி நிற்கவில்லை. ஐரோப்பிய விலாங்கு அருகியமையால் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் ஏற்றுமதியைத் தடைசெய்தது. விலாங்குப் பண்ணைகள் கடலிலிருந்து வரும் இயற்கைக் குஞ்சுகளையே பெரிதும் நம்பியிருப்பவை. ஆதலால் கிழக்காசியச் சந்தை வெப்பவலயத்து விலாங்கு இனங்களின்பால் தன் கண்ணைத் திருப்பியது. சந்தை வரும்போது, நேற்றுவரை வலையைச் சிக்கலாக்கிய 'தவறு' நாளை விலையுயர்ந்த பண்டமாகும். பண்டமான பின் அது ஓடைக்கரை மக்களின் சட்டிக்கு வருதல் அரிதினும் அரிதாகும்.

ஆகவே ஒரே விலாங்கு துரைக்கு இடையூறாகவும், தொழிலாளிக்கு உணவாகவும், அணைக்கு இல்லாத பொருளாகவும், சந்தைக்குப் பண்டமாகவும் அமைகின்றது. இவ்வேறுபாடுகள் மீனில் இல்லை. மனிதருக்கிடையேயான உற்பத்தி உறவுகளில் உள்ளன.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலவுரிமை பற்றிய மலையக மக்களின் போராட்டம் தொடர்கிறது. அந்நிலத்தின் ஊடே ஓடும் நீர் எவருடையது என்ற வினாவும் அப்போராட்டத்துக்கு உரியதே. காய்கறிச் செய்கையின் நச்சுமருந்தும் நகரக் கழிவும் கலந்த ஓடைகளுக்கருகே வாழ்வோர் அவர்களே ஆதலின், இவ்வினா வெறும் மீனைப் பற்றியதன்று.

ஆய்வாளர் முன்னுள்ள கடமையும் தெளிவானது. அணைகள் எழுவதற்கு முன் மஸ்கெலியாவிலும் நோட்டன் பிரிஜ்ஜிலும் கொத்மலையிலும் தூண்டிலிட்ட தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. ஓடைகளுக்கும் மடுக்களுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்கள், மீன்களை இனங்கண்ட முறை, காவலருக்கு அஞ்சிய இரவுகள், பகிர்ந்துண்ட வழக்கம் ஆகியவற்றைத் திரட்டுதல் உடனடித் தேவையாகும். எமது பல்கலைக்கழக மாணவருள் கணிசமானோர் இன்று அவ்வோடைக்கரைகளிலிருந்தே வருகின்றனர். இப்பணியைத் தம் வீட்டிலிருந்தே அவர்கள் தொடங்கலாம். 'தற்செயலாக அகப்பட்டது' என எவரேனும் கூறுமிடத்து, தூண்டில் எவருடையது, நீர் எவருடையது என இரு வினாக்களை எழுப்பிக்கொண்டு அப்பணி தொடங்கட்டும்.